நம் வீட்டு மொட்டை மாடியில் எவ்வளவு மின்சாரம்?

(அகமதாபாத் கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூரியனைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டபோது, எந்தச் சூரியனைப் பற்றி என்று கேட்டேன். "உபன்யாசம் வேண்டாம், கரண்ட் பில் பற்றிப் பேசுங்கள்" என்றார். நம்மில் பலர் தினமும் மூன்று வேளை சூரியனைப் பார்த்து அர்க்யம் விடுகிறவர்கள். ரதசப்தமி அன்று எருக்க இலையைத் தலையில் வைத்து ஸ்நானம் செய்கிறவர்கள். நம் பாட்டிமார்கள் மொட்டை மாடியில் வடாமும் வற்றலும் காய வைத்தார்கள். ஆகவே சூரிய சக்தி நமக்குப் புதிதல்ல. அதை யூனிட் கணக்கில் எண்ணுவதுதான் புதிது.

நான் மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எந்த கம்பெனிக்கும் ஏஜெண்ட் அல்ல. இன்று நான் சொல்லப்போவது ஒரு மூத்த தம்பதி, தங்கள் சேமிப்பில் கை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. அவ்வளவுதான்.

ஏன் இந்த ஊர்?

அகமதாபாத் ஏறக்குறைய 23 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. கடகரேகை நமக்குச் சற்று வடக்கே போகிறது. அதனால் ஜூன் 21-ஆம் தேதி வாக்கில் உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். மழை மாதங்கள் தவிர வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

குஜராத் இதை மற்றவர்களுக்கு முன்பே பயன்படுத்திக்கொண்டது. பாட்டன் மாவட்டத்தில் சரங்கா சோலார் பூங்கா 2012 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதே மாதம் மெஹ்சானா மாவட்டத்தில் சந்திராசன் அருகே நர்மதைக் கால்வாயின் மேல் 750 மீட்டர் நீளத்துக்கு பேனல்களைப் பரப்பி 1 மெகாவாட் நிலையம் அமைத்தார்கள். நிலமும் மிச்சம், கால்வாய் நீர் ஆவியாவதும் குறையும்.

பதினோராம் நூற்றாண்டில், சோலங்கி மன்னர் பீமதேவர் காலத்தில் எழுந்த சூரியன் கோயில் இருக்கும் மோதேராவுக்கு நம்மில் பலர் போய் வந்திருப்பீர்கள். அந்த கிராமம் 2022 அக்டோபர் 9-ஆம் தேதி, இருபத்து நான்கு மணி நேரமும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நாட்டின் முதல் கிராமமாக அறிவிக்கப்பட்டது. சுஜ்ஜன்புராவில் 6 மெகாவாட் நிலையமும் 15 மெகாவாட்-மணி பாட்டரியும் அமைத்தார்கள். 1,300-க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைகளில் ஒவ்வொரு கிலோவாட் பொருத்தினார்கள். கோயிலில் சூரியனுக்கு இப்போது பூஜை இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு அவர் வேலை செய்கிறார்.

ஒரு கிலோவாட் என்றால் எத்தனை யூனிட்?

இதுதான் இன்றைய உரையின் மையம். விற்பனைக்கு வருபவர் "மூன்று கிலோவாட்" என்பார். நாம் பில்லில் பார்ப்பது யூனிட். இரண்டையும் இணைக்கும் பாலம் தெரியாவிட்டால் ஏமாறுவது சுலபம்.

பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு பரிசோதனைச் சாலையில் எடுத்தது. ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் ஒளி, பேனலின் சூடு 25 டிகிரி என்ற நிபந்தனைகளில் அளந்தது. நம் ஊர் மாடியில் ஏப்ரல், மே மாதங்களில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். 40 டிகிரி கூடினால் 12 முதல் 16 சதவீதம் போயிற்று. "வெயில் அதிகம், ஆகவே கரண்ட் அதிகம்" என்று நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். உஷ்ணம் அதற்குப் பகை.

ஆண்டு முழுவதையும் சராசரி எடுத்தால், இங்கு ஒரு நாளில் விழும் வெயில் சுமார் ஐந்தரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம். சூடு, தூசி, ஒயர், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் போகும் நஷ்டத்தைக் கழித்தால் முக்கால் பங்கு மிஞ்சும். ஐந்தரையில் முக்கால், நாலு. ஆகவே ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட். இந்த ஓர் எண்ணை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும்.

ஆனால் சராசரி வேறு, மாதக் கணக்கு வேறு. மார்ச் முதல் மே வரை ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு 5 யூனிட்டை ஒட்டித் தரும். ஜூலை, ஆகஸ்டில் 3 யூனிட்டாக இறங்கும். அடைமழை நாளில் 1 யூனிட்கூட வராது. ஐப்பசி முதல் மாசி வரை 4 அல்லது நாலரை. முதல் ஆடி மாதத்தில் "பேனல் கெட்டுப் போய்விட்டது" என்று போன் செய்யாதீர்கள். அது மழைக்காலம், அவ்வளவுதான்.

மற்ற ஊர்களில் இருந்து நம் இதழைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு யூனிட் என்ற கணக்கு பெரும்பாலான இந்திய நகரங்களுக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பொருந்தும். சென்னைவாசிகளுக்குக் கார்த்திகை மழையில் குறையும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிய சரிவு. டில்லியில் பனிமூட்டமும் புகையும் டிசம்பர், ஜனவரியைத் தின்றுவிடும். பெங்களூரில் சீதோஷ்ணம் பேனலுக்கு உகந்தது. கொல்கத்தாவில் நாலுக்குக் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் என்னும் சத்ரு

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இருவருமே எழுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரில். மாதம் சுமார் 130 யூனிட்தான் செலவு. அவர்களிடம் ஒரு நிறுவனத்தார் ஜூன் மாதத்தில் வந்து, உச்சி வேளையில் மாடியைப் பார்த்து, "நிழலே இல்லை, அருமையான மாடி" என்று சொல்லி 5 கிலோவாட் பொருத்திவிட்டார்கள். வங்கி வைப்பு நிதியை உடைத்துப் பணம் கட்டினார் மாமா. மார்கழி வந்தது. தெற்குப் பக்கம் இருந்த லிஃப்ட் அறையின் நிழல் பாதி பேனல்களின் மேல் படுத்துக்கொண்டது.

ஏன் இப்படி? ஜூனில் சூரியன் தலைக்கு மேல் இருப்பதால் உச்சி வேளையில் எந்தப் பொருளுக்கும் நிழல் விழாது. டிசம்பர் 21 வாக்கில் அதே உச்சி வேளையில் சூரியன் தெற்கே சரிந்து 43 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது 10 அடி உயரச் சுவரின் நிழல் 10 அடிக்கு மேல் வடக்கே நீளும். உச்சிக்கு மூன்று மணி நேரம் முன்னும் பின்னும் அது இரு மடங்காகும்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். இந்திய நேரம் அலகாபாத்தை ஒட்டிய தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிப் பொழுது ஏறக்குறைய 12.40 மணிக்குத்தான். கொல்கத்தாவில் 11.40-க்கு முன்பே வந்துவிடும். மாத்யாஹ்னிகம் சரியான நேரத்தில் செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

பேனல்கள் ஒன்றோடொன்று மாலைபோல் கோத்திருக்கும். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதன் நஷ்டம் அதோடு நிற்காமல் வரிசையையும் பாதிக்கலாம். தண்ணீர் டாங்கி, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டு வேப்பமரம், எதிரே புதிதாக எழும்பும் பத்து மாடிக் கட்டடம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆகவே நிழல் பரிசோதனைக்கு உகந்த மாதம் மார்கழி. காலை 9.30, பகல் 12.40, மாலை 3.30 என்று மூன்று முறை மாடிக்குப் போய், நிழல் விழும் இடத்தைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வாருங்கள். கோட்டுக்குள் வரும் இடம் வடாத்துக்கும் உதவாது, பேனலுக்கும் உதவாது.

அந்தத் தம்பதியின் கதை என்னவாயிற்று? பேனல்களைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டினார்கள். அதற்குத் தனியாகச் செலவு. மாதம் 130 யூனிட் செலவழிக்கும் வீட்டில் 600 யூனிட் உற்பத்தி ஆகிறது. மிஞ்சியதை மின்விநியோக நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் நாம் வாங்கும் விலைக்கும் அவர்கள் கொடுக்கும் விலைக்கும் நிறைய வித்தியாசம். அதுதான் அடுத்த விஷயம்.

பெரியது நல்லதா, அளவானது நல்லதா?

வீட்டு பேனல் பகலில் தயாரிப்பதில் நாம் உபயோகித்தது போக மீதி வெளியே போகும். இரவில் வெளியிலிருந்து வாங்குவோம். மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குப் பார்க்கும். இதற்கு நெட் மீட்டரிங் என்று பெயர். நமக்குத் தேவையான அளவு வரை ஒவ்வொரு யூனிட்டும் நமக்கு முழு விலைக்குச் சமம். அதற்கு மேல் போனால் மொத்த விலைக்கு விற்பது போல.

ஒரு உதாரணம். நான்கு பேர் உள்ள வீடு, மாதம் 250 யூனிட், வருஷத்துக்கு 3,000 யூனிட். கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் செலவு, யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சம், உபரி யூனிட்டுக்கு 2 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் 78,000 ரூபாய் மானியம் நிர்ணயித்தார்கள்.

2 கிலோவாட் போட்டால் செலவு 1,20,000. மானியம் போக 60,000. வருஷ உற்பத்தி 2,920 யூனிட். மிச்சம் 17,520 ரூபாய். மூன்றரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

3 கிலோவாட் போட்டால் செலவு 1,80,000. மானியம் போக 1,02,000. உற்பத்தி 4,380 யூனிட். அதில் 3,000 நமக்கு, 18,000 ரூபாய். மீதி 1,380 யூனிட்டுக்கு 2,760 ரூபாய். ஆக 20,760. பணம் திரும்ப ஏறக்குறைய ஐந்து வருஷம்.

இரண்டுமே நஷ்டமில்லை. ஆனால் பென்ஷனில் வாழ்பவருக்குக் கையில் 42,000 ரூபாய் இருப்பதற்கும் மாடியில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் 1 கிலோவாட் போதும். பன்னிரண்டு மாத பில்லையும் கூட்டி, 1,460-ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் என்று வந்துவிடும். இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை.

தூசியும் காற்றாடியும்

நம் ஊர் தூசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காந்திநகர் ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஐ.ஐ.டி. வளாகத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவப்பட்ட பேனல்கள், ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் சுமார் 50 சதவீதம் கூடுதலாக உழைத்ததைக் கண்டார்கள். ஆகவே மழை இல்லாத மாதங்களில் பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, மிருதுவான துணியால். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அப்படியே காய விடாதீர்கள். வெள்ளைப் படலம் தங்கிவிடும்.

ஆனால் வயதானவர்கள் இதற்காக மாடியில் ஏணி வைத்து ஏற வேண்டாம். இரண்டு யூனிட் குறைந்தால் பரவாயில்லை, இடுப்பு எலும்பு முக்கியம். கழுவ ஆள் வைக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உத்தராயணம் அன்று ஊரே மாடியில் நிற்கும். காற்றாடி பிடிக்கும் உற்சாகத்தில் பையன்கள் பேனல் மேல் ஏறிவிடுவார்கள். கண்ணாடி உடையாது. ஆனால் உள்ளே இருக்கும் சிலிக்கான் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழும். உற்பத்தி நாள்பட்டுக் குறையும். அந்த இரண்டு நாட்களுக்குச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள்.

மாடி யாருடையது?

தனி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இல்லை. நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அங்கே மாடி எல்லோருக்கும் பொது. கடைசி மாடியில் இருப்பவர் தனதென்று நினைப்பார். தரைத் தளத்தில் இருக்கும் மாமி, "நான் வடாம் போட எங்கே போவேன்?" என்று கேட்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் வேண்டும். இருபது குடும்பமும் 2 கிலோவாட் கேட்டால் 4,000 சதுர அடி. அவ்வளவு மாடி யாரிடமும் இல்லை.

இதற்கு என் யோசனை: முதலில் பொது உபயோகத்துக்குப் போடுங்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் பில் எல்லோருக்கும் பொது. பலன் மாதப் பராமரிப்புத் தொகையில் சமமாகக் குறையும். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்பு சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பொதுக்குழுவில் தீர்மானம் எழுத்தில் இருக்கட்டும். எந்த இடம் பேனலுக்கு, எந்த இடம் துணி உலர்த்த, எந்த இடம் வடாத்துக்கு என்று கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டடி உயரத் தாங்கியில் பேனலைப் பூட்டினால் கீழே நடமாடலாம். ஆனால் காற்றைத் தாங்கும் வலுவான அஸ்திவாரம் வேண்டும். மலிவில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

கேட்கப்பட்ட சில கேள்விகள்

"கரண்ட் போனால் நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியுமா?" என்று ஒரு மாமி கேட்டார். எரியாது. பாட்டரி இல்லாத இணைப்பில், வெளி மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

"எனக்கு வயது 74. இருபத்தைந்து வருஷ உத்தரவாதம் எனக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் கேள்வி அல்ல.

2010 மே மாதத்தில் இந்த ஊரில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தைவிட 1,300-க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே மாதத்தில் அதிகமாக இறந்ததாகப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் பிறகுதான் 2013-இல் நகராட்சி வெப்ப நடவடிக்கைத் திட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுவே முதல். 2016 மே 20-ஆம் தேதி 48 டிகிரியும் பார்த்துவிட்டோம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் மே மாத மத்தியானத்தில் என்ன செய்கிறார்கள்? பிள்ளை வாங்கிக் கொடுத்த ஏ.சி. சுவரில் இருக்கிறது. "பில் ஏறிவிடும்" என்று ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி. நாலு மணி நேரம் ஓடினால் 5 அல்லது 6 யூனிட். 2 கிலோவாட் பேனல் அதே மே மாதத்தில் நாளொன்றுக்கு 10 யூனிட்டை ஒட்டித் தருகிறது, அதுவும் நமக்குக் குளிர்ச்சி தேவைப்படும் அதே பகல் வேளையில். போதாக்குறைக்குக் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு பேனலின் நிழலில் தளமும் கொஞ்சம் சூடு குறையும். ஆகவே 74 வயதுக்காரருக்கு என் பதில்: இருபத்தைந்து வருஷத்தை விடுங்கள். போட்ட பணம் நாலு வருஷத்தில் வந்துவிடும். அடுத்த மே மாதம் யோசிக்காமல் ஏ.சி. போட்டுக்கொள்வீர்கள். அந்த லாபம் பில்லில் தெரியாது.

கையெழுத்துப் போடும் முன்

ஐந்து விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்ற உறுதி. கிலோவாட்டுக்கு 1,460-ஐ விட மிக அதிகமாகச் சொன்னால் எப்படி என்று கேளுங்கள். இரண்டு, மார்கழி மாத நிழல் வரைபடம். மூன்று, பேனல் உள்நாட்டுத் தயாரிப்புதானா என்ற சான்று. மானியத்துக்கு அது தேவை. நான்கு, இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷ உத்தரவாதம். பேனல் இருபத்தைந்து வருஷம் இருந்தாலும் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற நேரிடும். ஐந்து, பழுது வந்தால் யார், எத்தனை நாளில் வருவார்கள். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரும். யாரும் அதை "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்கு ஏ.சி. வாங்கிக் கொடுத்தீர்கள், சந்தோஷம். அதை ஓட்டவும் வழி செய்து கொடுங்கள். விற்பனைக்காரரிடம் அவர்களைத் தனியாக விடாமல், கணக்கை நீங்கள் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

நம் கிளை உறுப்பினர்கள் பன்னிரண்டு மாத பில்லுடன் வந்தால் எத்தனை கிலோவாட் தேவை என்று சேர்ந்து கணக்குப் பார்க்கலாம். தேவையில்லை என்று கணக்கு சொன்னால் அதையும் நான் சொல்வேன்.